பங்கும் நாணயமும்: வீழ்ச்சிக் காலத்தின் அறம் பற்றிய ஒரு நோக்கு

பங்குச் சந்தை ஏற்றம் காணும் காலத்தில் அறவியல் வினாக்களை எழுப்புவோர் மிகச் சிலரே. எல்லோர் கையிலும் இலாபம் இருக்கும்போது அது எங்கிருந்து வந்தது, எவருடைய உழைப்பினால் வந்தது என ஆராயும் தேவை எவருக்கும் தோன்றுவதில்லை. வீழ்ச்சி ஏற்பட்டதும் நிலைமை மாறுகின்றது. உண்மையில் இழக்கப்பட்டது யாது? அவ்விழப்பை ஏற்கவேண்டியவர் யாவர்? ஆபத்து நெருங்குவதை அறிந்த ஒருவர் தம் பணத்தை முந்திக்கொண்டு மீட்டெடுப்பது அவரது உரிமையா, அன்றிப் பின்தங்கியோருக்கு அவர் இழைக்கும் தீங்கா? இவ்வினாக்களைப் புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தை நிலைக்களனாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொழும்பிலே நிகழும் பங்கு வியாபாரம் பற்றிய வினாவுக்குப் புத்தளக் கரை எவ்வாறு விடை தரும் என ஐயுறுதல் இயல்பே. ஆயின், சிலாபம் முதல் கற்பிட்டி வரையுள்ள இக்கரையின் வாழ்வு ஏற்ற இறக்கத்தின் மீதே அமைந்துள்ளது. சோழகக் காற்று வீசும் மாதங்களிற் படகுகள் கரையேறி நிற்கின்றன. காலந்தப்பிப் பெய்யும் ஒரு மழை உப்பளத்தில் விளைந்த உப்பைக் கரைத்துவிடுகின்றது. தென்னையின் விளைவு மழையையும், தேங்காயின் விலை தொலைவிலுள்ள சந்தையையும் பொறுத்தவை. இத்தகைய மக்கள் இழப்பை எவ்வாறு பகிர்ந்துகொள்கின்றனர் என்பதை ஆராய்வோர், பங்குச் சந்தையின் வீழ்ச்சியையும் தெளிவாக விளங்கிக்கொள்ள முடியும்.

நாணயம் என்னும் சொல்

கூட்டுறவுக் கடன் சங்கத்தைப் பழைய தலைமுறையினர் 'ஐக்கிய நாணய சங்கம்' என்று வழங்கினர். நாணயம் என்ற சொல் காசையும் குறிக்கும். சொன்ன சொல் தவறாத நேர்மையையும் குறிக்கும். இவ்விரு பொருளும் அப்பெயரிற் பொருந்தியமை தற்செயலாக இருக்கலாம். எனினும் அச்சங்கங்களின் அடிப்படைத் தத்துவத்தை அதனினும் சுருக்கமாகச் சொல்லுதல் அரிது.

ஜேர்மனியிலே 1864ஆம் ஆண்டில் ஹெடஸ்டோர்ஃப் என்னும் ஊரிற் பிரீட்றிக் வில்ஹெல்ம் றைஃபைசன் அமைத்த கடன் சங்கமே இவ்வியக்கத்தின் முன்மாதிரிகளுள் முதன்மையானது. இலங்கையில் 1911ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கூட்டுறவுக் கடன் சங்கக் கட்டளைச் சட்டம் இவ்வமைப்புக்குச் சட்ட வடிவம் அளித்தது. அத்தொடக்க காலச் சங்கங்களின் சிறப்பியல்பு வரையறையற்ற பொறுப்பாகும். சங்கம் கடனைத் தீர்க்க இயலாத நிலையை அடையுமாயின், ஒவ்வோர் அங்கத்தவரும் தாம் செலுத்திய பணத்துக்கு மட்டுமன்றித் தம் சொந்த உடைமைகளாலும் பொறுப்பாவர். நிலமோ நகையோ இல்லாத ஒருவருக்கு அவரது ஊராரின் நம்பிக்கையே பிணையாக நின்றது.

இவ்வேற்பாட்டின் அறவியற் பொருள் ஆழமானது. அயலவர் கடன் தவறினால் தம் வீடு பறிபோகக்கூடும் என்பதை அறிந்த அங்கத்தவர், அவ்வயலவர் எதற்காகக் கடன் பெறுகின்றார், எவ்வாறு திருப்பிச் செலுத்துவார் என்பவற்றை அறிந்தே ஆகவேண்டும். பொறுப்பு அறிவைக் கட்டாயமாக்கியது. இதற்கு நேர்மாறாக அமைந்தது வரையறுக்கப்பட்ட கம்பனி. பங்குதாரர் தாம் இட்ட தொகைக்கு மேல் எதையும் இழப்பதில்லை. ஆதலால், கம்பனியின் அன்றாட நடவடிக்கைகளை அறியாமலே அவர் அதன் உடைமையாளராக இருக்க முடிகின்றது. புகைவண்டிப் பாதைகளும் பெருந்தொழிற்சாலைகளும் இவ்வமைப்பின்றித் தோன்றியிருக்கமாட்டா என்பது உண்மையே. எனினும், அறியாமைக்குச் சட்டம் அளித்த சலுகை அறத்தின் சலுகையும் ஆகுமா என்பது தனி வினா.

பின்வந்த காலத்தில் இத்துறை பல மாற்றங்களைக் கண்டது. 1961ஆம் ஆண்டில் மக்கள் வங்கி நிறுவப்பட்டதும், 1964 முதல் கூட்டுறவுக் கிராமிய வங்கிகள் தோன்றின. நலிந்திருந்த கடன் சங்கங்களுக்கு 1978இல் பி. ஏ. கிரிவந்தெனிய தலைமையில் எழுந்த சணச இயக்கம் புத்துயிர் அளித்தது. 1985ஆம் ஆண்டின் சட்டத்தினாற் பிரதேச கிராமிய அபிவிருத்தி வங்கிகள் அமைக்கப்பட்டன. புத்தளமும் குருநாகலும் அடங்கிய வயம்ப அபிவிருத்தி வங்கி அவ்வழி வந்ததாகும்; அதுவும் 2010இல் நாடளாவிய பிரதேச அபிவிருத்தி வங்கியுடன் இணைந்தது. வங்கி பெருகப் பெருக அதன் பலமும் பெருகியது. ஆனால், கடன் வழங்குவோருக்கும் பெறுவோருக்கும் இடையிலான தூரமும் உடன் பெருகியது.

பங்கு என்னும் சொல்

சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே அமைந்த உடப்பு, கரைவலைத் தொழிலுக்குப் பேர்பெற்ற தமிழ்க் கிராமம். கரைவலை இழுப்பில் ஈட்டப்படும் வருமானம், செலவு நீக்கி, வலையின் உரிமையாளருக்கும் இழுத்தவர்களுக்கும் 'பங்கு'களாகப் பிரிக்கப்படுகின்றது. மீன் மிகுதியாக வீழ்ந்த நாளிற் பங்கு பெரிது. வெறுவலை வந்த நாளிற் பங்கே இல்லை. வெறுவலைக்காக உரிமையாளர் மீது எவரும் வழக்காடுவதில்லை. ஏனெனில், கடலின் நிலையை எல்லோரும் ஒருங்கே கண்டனர். வலையையும் ஒருங்கே இழுத்தனர். இழப்பு இருந்தது, வஞ்சகம் இருக்கவில்லை.

பங்குச் சந்தையின் பங்கும் கருத்தளவில் இதுவேயாகும். பங்குதாரர் நிலையான வட்டி கேட்கும் உரிமை உடையவரல்லர். தொழிலின் நன்மை தீமை இரண்டிலும் கூடி நிற்பவர். அவ்வகையில், எந்நிலையிலும் தமக்குரிய தொகை தமக்கு வேண்டும் எனக் கோரும் கடன்காரரை விடப் பங்குதாரரே அறநெறிக்கு அண்மையில் நிற்பவர் எனவும் வாதிடலாம். வட்டியை விலக்கி, இலாப நட்டத்தைப் பகிர்தலை ஏற்கும் இஸ்லாமியப் பொருளியற் சிந்தனை இவ்வாதத்தை வலியுறுத்துகின்றது. முஸ்லிம் மக்கள் செறிந்து வாழும் புத்தளத்திலே இது ஏட்டளவில் நிற்கும் கருத்தன்று.

ஆனால், ஒரு பேதம் உண்டு. கரைவலைப் பங்காளி கடலைக் காண்கின்றார். சந்தைப் பங்காளி விலையை மட்டுமே காண்கின்றார். இப்பேதத்தின் விளைவை இக்கடற்பகுதியின் வரலாறே காட்டுகின்றது. புத்தளக் கரைக்கு வடக்கே, மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் 1905ஆம் ஆண்டு நிகழ்ந்த முத்துக்குளிப்பு அரசாங்கத்துக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா வருமானம் தந்தது. அடுத்த ஆண்டிலேயே அப்பார்கள், இலண்டனிற் பங்கு மூலதனத்துடன் அமைக்கப்பட்ட ஒரு முத்துக்குளிப்புக் கம்பனிக்கு, ஆண்டுக்கு 310,000 ரூபா வாடகைக்கு, 20 ஆண்டுகளுக்குக் குத்தகையாக விடப்பட்டன. 1907க்குப் பின் சிப்பிகள் குன்றின. 1925 வரை மீண்டும் முத்துக்குளிப்பு நிகழவில்லை. கம்பனி குத்தகைக் காலம் முடியும் முன்னரே கலைந்தது. சிப்பி சில ஆண்டுகள் பெருகிப் பல ஆண்டுகள் மறைவது கரையோர மக்கள் தலைமுறைகளாகக் கண்ட உண்மை. சில ஆண்டுகளின் அமோக விளைவை என்றும் நிலைக்கும் வருமானமாகக் கணித்ததே அம்முயற்சியின் பிழையாகும்.

சந்தை வீழும் விதம்

ஒரு பங்கின் விலை என்பது, அத்தொழில் வருங்காலத்தில் ஈட்டக்கூடிய வருமானத்தைப் பற்றி இன்று நிலவும் மதிப்பீடு. அம்மதிப்பீடு மூன்று வழிகளிற் சரியலாம். வருமானம் குறையும் எனப் பலரும் கருதலாம். அல்லது, வட்டி வீதம் உயர்ந்து, அபாயமற்ற வேறிடங்களிற் கூடிய ஊதியம் கிடைக்கலாம். அன்றேல், கடன்பட்டுப் பங்கு வாங்கியோர் விற்கும் நிர்ப்பந்தத்துக்கு உள்ளாகலாம். இம்மூன்றும் ஒருங்கே நேரின் வீழ்ச்சி கடுமையாகும்.

1985இல் அமைக்கப்பட்ட கொழும்புப் பங்குப் பரிவர்த்தனையின் அண்மைக்கால வரலாறு இதற்குச் சான்று. அதன் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2008ஆம் ஆண்டில் ஏறத்தாழ 41 சதவீதம் வீழ்ந்து 1,503இல் முடிந்தது. போர் முடிவடைந்த 2009இல் அது இருமடங்குக்கு மேலாகியது. 2010இன் இறுதியில் 6,600ஐத் தாண்டியது. 2011இன் தொடக்கத்தில் உச்சத்தை எட்டியபின், தரகர் வழங்கும் கடனுக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளும் சேர, மீண்டும் இறங்கியது. 2022 ஜனவரியில் 13,000க்கு மேற்சென்ற சுட்டெண் அவ்வாண்டின் முடிவில் ஏறத்தாழ 8,490ஆக இருந்தது. இடையில், ஏப்பிரல் 8ஆந் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே முறையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. ஏப்பிரல் 12ஆந் திகதி வெளிநாட்டுக் கடன் தவணைகளை அரசாங்கம் இடைநிறுத்தியது. ஏப்பிரல் 18 முதல் ஐந்து நாட்கள் சந்தையே மூடப்பட்டது. திறைசேரி உண்டியலின் வட்டி பின்னர் 30 சதவீதத்தையும் தாண்டிய நிலையில், இலாபம் நிச்சயமற்ற பங்கை வைத்திருக்க எவர் விரும்புவர்?

ஆயினும், 2024இன் இறுதியில் அதே சுட்டெண் 15,900க்கு மேல் நின்றது. தம் சொந்தச் சேமிப்பைக் கொண்டு, பொறுத்திருக்கக்கூடிய தொகையை இட்டவர் விலையளவிலேனும் மீண்டார். கடன்பட்டு வாங்கியவர் 2022இலேயே விற்க நேர்ந்தது. அவருடைய இழப்பு மீளாதது. அவ்விருவரும் கண்ட வீழ்ச்சி ஒன்றே. ஒருவரைக் காத்ததும் மற்றவரைக் கெடுத்ததும், வீழ்ச்சிக்கு முன் அவரவர் கொண்ட கடன் அளவேயாகும்.

இங்கு வைப்பாளருக்கும் ஓர் உண்மையைக் கூறவேண்டியுள்ளது. சங்கப் புத்தகத்தில் எழுதிய தொகை குறையவில்லை என அவர் ஆறுதல் கொள்ளலாம். 2022 செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதமாக இருந்தது. ஓராண்டுக்கு முன் வைப்பிலிட்ட 100 ரூபா, வட்டியை விலக்கி நோக்கின், ஏறத்தாழ 59 ரூபாவின் பெறுமதியையே கொண்டிருந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு உயர்த்தப்பட்டபோது, படகின் இயந்திரத்துக்கு எண்ணெய் வாங்கவெனச் சேமித்த கடற்றொழிலாளியின் சேமிப்பு நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியது. பங்குச் சந்தையின் இழப்பு நாளேட்டில் எண்ணாக வெளிவருகின்றது. சேமிப்பாளரின் இழப்புக்கு அவ்வாறான அறிவிப்பு இல்லை.

விலகும் உரிமை

வீழ்ச்சிக் காலத்தில் விலகுதல் அறமா என்னும் வினாவுக்கு இனி வரலாம். பொருளியலறிஞர் அல்பேர்ட் ஹேர்ஷ்மன் 1970இல் வெளியிட்ட நூலில், நலிவுறும் நிறுவனத்தின் உறுப்பினருக்கு விலகுதல், குரலெழுப்புதல் என இரு வழிகள் உள எனவும், பற்றுறுதி அவ்விரண்டுக்கும் இடையே செயற்படுகின்றது எனவும் விளக்கினார். பங்குச் சந்தை விலகுதலை எளிதாக்கும் அமைப்பு. கடன் சங்கமோ குரலுக்கென அமைந்தது. அங்கே பெரியவர் சிறியவர் என்னும் பேதமின்றி ஒருவருக்கு ஒரு வாக்கு.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். நூறு அங்கத்தவர் தலைக்கு 10,000 ரூபா வைப்பிட்ட ஒரு சங்கத்தின் மொத்த வைப்பு 10 இலட்சம். அதில் 8 இலட்சம் வலைக்கும் இயந்திரத்துக்கும் கடனாகச் சென்றுள்ளது. கையிருப்பு 2 இலட்சம். கடனில் ஓர் இலட்சம் மீளாது எனத் தெரியவருகின்றது. எல்லோரும் பகிர்ந்தால் தலைக்கு 1,000 ரூபா இழப்பு; அது தாங்கக்கூடியதே. ஆயின், செய்தியை முதலில் அறிந்த 20 பேர் தம் வைப்பை முழுமையாக மீட்டுக்கொண்டால், கையிருப்பு தீர்ந்துவிடும். இழப்பு முழுவதும் எஞ்சிய 80 பேர் மீது விழும். சங்கம் சோழகக் காலத்திலே கடனைத் திருப்பிக் கேட்க, மீனவர் வலையையும் இயந்திரத்தையும் அரைவிலைக்கு விற்பர். ஓர் இலட்சமாக இருந்த நட்டம் மூன்று, நான்கு இலட்சமாக வளரும். இருபது பேரின் அச்சமே அவர்கள் அஞ்சியதை நிகழ்த்திவிடுகின்றது.

பங்கை விற்பவருடைய நிலை வேறு. அவர் விற்பதை மற்றொருவர் தம் விருப்பத்தோடு வாங்குகின்றார்; கம்பனியின் கையிருப்பு அதனாற் குறைவதில்லை. ஆகவே, விலகுதல் அங்கு பொதுவாகக் குற்றமாகாது. ஆனால், பிறர் அறியாத ஒன்றைத் தாம் பதவி வழியாக அறிந்து, அறியாதவர் தலையிற் பங்கைக் கட்டிவிட்டு விலகுபவர் குற்றவாளியே. கடன் சங்கத்தில் முந்திக்கொண்ட 20 பேரின் தவறும் இவ்வகையினதே.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. நோயுற்ற பிள்ளைக்கு மருந்து வாங்கத் தம் 10,000 ரூபாவை மீட்க வந்த தாயிடம் அயலவர் நலனைப் போதிப்பது அறமாகுமா? ஆகாது. இருத்தற்குரிய கடமை எல்லோருக்கும் ஒரே அளவினதன்று. தாங்கும் வலிமைக்கு ஏற்ப அது கூடும், குறையும். வைப்பு மிகுந்தவரும் நிருவாகத்துக்கு அண்மையிலிருப்பவருமே இறுதியில் விலகவேண்டியவர். நடைமுறையில் முதலில் விலகுவோரும் அவர்களே.

மற்றுமொன்று: உண்மையை மறைக்கும் நிருவாகம் வைப்பாளரிடம் பொறுமையைக் கேட்கும் தகுதியை இழக்கின்றது. 2008இன் இறுதியிற் கோல்டன் கீ நிறுவனம் வீழ்ந்தபோது, அதே குழுமத்தோடு தொடர்புபட்ட செலான் வங்கியின் வைப்பாளரும் திரளாகச் சென்று பணத்தை மீட்டனர். மத்திய வங்கி தலையிட்டு, அவ்வங்கியின் நிருவாகத்தை இலங்கை வங்கியிடம் ஒப்படைத்த பின்னரே அச்சம் தணிந்தது. அவ்வங்கி நிலைத்தது. கையிருப்பைக் கணக்கெடுத்துப் பொறுப்பேற்கும் ஒரு கை உண்டு என்ற உறுதியே அதனைக் காத்தது. 2010இல் தொடங்கிய வைப்புக் காப்புறுதித் திட்டம் இவ்வுறுதிக்கு நிலையான வடிவம் தந்தது. ஆனால், அது உரிமம் பெற்ற வங்கிகளையும் நிதிக் கம்பனிகளையும் தழுவியதேயன்றிக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைத் தழுவியதன்று. ஏழையின் சேமிப்புக்கு அயலவரின் நாணயமே இன்றும் காப்புறுதி.

நெருக்கத்தின் குறைபாடு

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, சந்தை தீயது, ஊர்ச் சங்கம் நல்லது என முடிவு செய்தல் தவறாகும். நெருக்கத்துக்கும் அதற்கேயுரிய தீமைகள் உண்டு.

முதலாவது, ஒரே ஊரின் இழப்பு ஒரே நாளில் வருகின்றது. சிலாபம், முந்தல், புத்தளம் களப்புகளைச் சூழ எழுந்த இறாற் பண்ணைகள் 1990களில் பெருஞ்செல்வம் தந்தன. அப்பண்ணைகளிற் பல, ஒல்லாந்தர் கால்வாயும் களப்புகளும் சேர்ந்த ஒரே நீர்த்தொகுதியிலிருந்து நீரெடுத்து அதிலேயே கழிவுநீரை விட்டன. 1996இல் வெண்புள்ளி நோய் தோன்றியபோது, ஒரு பண்ணையின் நோய் மற்றொன்றுக்கு விரைந்து பரவியது. பண்ணை வேலியிட்டுப் பிரிக்கப்பட்டிருந்தும் நீர் பிரிக்கப்பட்டிருக்கவில்லை. கடனும் அத்தகையதே. அங்கத்தவர் அனைவரும் ஒரே தொழிலை நம்பிக் கடன் பெற்ற சங்கத்தில், ஒருவருக்காக மற்றவர் பிணைநிற்பதாற் பயனில்லை. பிணையாளியும் அதே நாளில் மூழ்குகின்றார். பின்னாளில் இறாற் செய்கையாளர் வலயங்களாகப் பிரிந்து, முறைவைத்துக் குஞ்சுவிடும் காலஅட்டவணையை ஏற்றனர். ஒவ்வொருவரும் தம் சுதந்திரத்திற் சிறிது விட்டுக்கொடுத்தே பொதுநீரைக் காக்க முடியும் என்பது நட்டத்தின் மூலம் கற்ற பாடம். ஊர்ச் சங்கங்கள் ஒன்றியங்களாக இணைந்து, வேறு ஊர்களோடும் வேறு தொழில்களோடும் அபாயத்தைப் பகிரவேண்டியதும் இக்காரணத்தாலேயே. சணச இயக்கத்தின் அபிவிருத்தி வங்கி 2012இற் கொழும்புப் பங்குச் சந்தையிலேயே நிரற்படுத்தப்பட்டமை, ஊர் நாணயமும் சந்தைப் பங்கும் ஒன்றையொன்று முற்றாக விலக்கி வாழ இயலாமையைக் காட்டுகின்றது.

இரண்டாவது தீமை முகத்தாட்சணியம். உறவினரின் கணக்கை எவ்வாறு சோதிப்பது, ஊர்ப் பெரியவரிடம் தவணைப் பணத்தை எவ்வாறு கேட்பது என்னும் தயக்கத்தாற் சங்கங்கள் பல நலிந்துள்ளன. அறிமுகம் அறிவுக்கு வழிகாட்ட வேண்டியது. இங்கு அதுவே அறியாமைக்குத் திரையாகின்றது. கணக்குக் கேட்பதை அவமதிப்பாகக் கருதும் சங்கத்தைவிட, முகமறியாதோர் கணக்காய்வறிக்கையைப் படிக்கும் சந்தை நேர்மையுடையதாகவும் இருக்கக்கூடும்.

மூன்றாவது, அறிந்தவரையே நம்பும் சங்கம் அறியாதவரைப் புறத்தே நிறுத்துகின்றது. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் அடைக்கலம் புகுந்தனர். உடைமைகளோடு, தம்மை அறிந்து பிணைநிற்கக்கூடிய அயலவரையும் அவர்கள் இழந்திருந்தனர். நாணயம் என்பது பல ஆண்டுக்காலப் பழக்கத்தால் மட்டுமே விளைவதாயின், ஏதிலிக்கு அது எங்ஙனம் கிடைக்கும்? புதியவருக்குச் சிறு கடனிலிருந்து தொடங்கித் தம் நாணயத்தை நிறுவ வாய்ப்பளித்தல் வெறும் இரக்கச் செயலன்று. பிறந்த இடத்தின் அடிப்படையில் நம்பிக்கையை வரையறுக்க எவருக்கும் நியாயமில்லை என்ற நீதியின்பாற்பட்டதாகும்.

ஆகவே, வீழ்ச்சியை விளங்கிக்கொள்ளல் என்பது சுட்டெண்ணின் இறக்கத்தை அளத்தலோடு முடிவதன்று. எந்த இழப்பும் கடலின் வெறுவலையைப் போன்றதா, அன்றி ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியாமையாற் பிறந்ததா எனப் பிரித்தறிதல் வேண்டும். முன்னையதைப் பகிர்ந்து தாங்குதலே முறை. பின்னையதற்குப் பொறுப்பானவரைக் கணக்குக் கேட்டல் கடமை. சந்தையில் ஈடுபடுவோர் தாம் பொறுத்திருக்கக்கூடிய தொகைக்கு மேல் கடன்பட்டு ஈடுபடாதிருத்தலும், சங்கத்தில் இருப்போர் உண்மை வெளிவருமுன் விலகாதிருத்தலும், இரண்டையும் நிருவகிப்போர் அவ்வுண்மையைக் காலந்தாழ்த்தாது எல்லோருக்கும் ஒருங்கே அறிவித்தலும் இவ்வறத்தின் கூறுகளாகும்.

பல்கலைக்கழகங்களிற் பொருளியலும் கணக்கியலும் கற்போரிற் பலர், இத்தகைய சங்கங்களின் கடனாற் கல்வி பெற்ற குடும்பங்களிலிருந்து வந்தோர். சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஐந்தொகை வாசிக்கப்படும்போது அதனை விளங்கி, மீளாக் கடன் எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என எழுந்து கேட்கக்கூடியவர்களும் அவர்களே. வீழ்ச்சி வரும் நாளிற் கேட்கப்படும் கேள்வி வதந்தியாக மாறும். அதற்கு முன்னர், அமைதியான ஓராண்டில், அக்கேள்வி கேட்கப்படல் வேண்டும்.